கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஒரு வக்கீல் வேண்டும்: சோலார், காற்றாலை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சோலார், காற்றாலை நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அந்தத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி அதிகாரிகளுக்கும்,

நான் நிலப் பத்திரங்களைப் பார்க்கும் வக்கீல். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் நீங்கள் எடுக்கும் நிலங்களுக்கு மூலப்பத்திரம் தேடுவது, வில்லங்கம் பார்ப்பது, வாரிசுகள் யார் யார் என்று கண்டுபிடிப்பது, குத்தகைப் பத்திரம் எழுதுவது, பதிவு முடிகிற வரை கூட நிற்பது, இதெல்லாம் என் வேலை. ஃபீஸ் கொடுப்பது நீங்கள். மேஜையில் நான் உட்காருவதும் உங்கள் பக்கம்தான். அதனால் இதை யாரோ வெளியாள், திட்டமே வேண்டாம் என்கிறவர் எழுதியது என்று ஒதுக்கிவிட முடியாது. சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் வரவேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு திட்டத்தின் குத்தகை டிராஃப்டில் மூன்று வரி சேர்த்திருந்தேன். நிலம் கொடுப்பவர் தனக்குப் பிடித்த வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டி ஆலோசனை கேட்கலாம், அதற்கான நியாயமான கட்டணத்தை கம்பெனி தரும், முழுப் பத்திரமும் தமிழில் கைக்கு வந்து 15 நாள் ஆன பிறகுதான் பதிவு. அவ்வளவுதான். தலைமை அலுவலகத்திலிருந்து டிராஃப்ட் திரும்பி வந்தபோது மூன்றும் சிவப்புக் கோட்டில் அடிபட்டிருந்தன. ஓரத்தில் குறிப்பு: நிலம் சேர்ப்பது தாமதமாகும், ரேட் ஏறும். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், கட்சிக்காரரின் விஷயம் வெளியே போகக் கூடாது என்பது தொழில் தர்மம். சொல்லவும் தேவையில்லை, ஏனென்றால் இதே பதிலை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு கம்பெனியின் பிடிவாதமாக இருந்தால் நேரில் பேசித் தீர்த்திருப்பேன். துறையின் பழக்கமாகவே ஆகிவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. மாநிலங்களுக்கு இடையே மின்சாரம் கொண்டுபோகும் கட்டமைப்பில் இணைப்புக் கேட்கப் போனால், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 விதிகளில் இருக்கும் வழிகளில் ஒன்று, தேவைப்படும் நிலத்தில் பாதிக்காவது உரிமை அல்லது குத்தகை ஆவணம் காட்டுவது. பக்கத்து நிறுவனம் முந்திக்கொண்டால் சப்ஸ்டேஷனில் உங்களுக்கு இடம் இருக்காது. எனவே தரகரைக் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் இவ்வளவு ஏக்கர் முடித்துக் கொடு என்கிறீர்கள். சரி, அது உங்கள் வியாபாரம். ஆனால் அந்த அவசரத்தின் பாரம் முழுவதும் இறங்குவது, இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மேல்.

ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 100 மெகாவாட் திட்டத்துக்கு 400, 500 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் நில உடைமை சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. கூட்டுப் பட்டா, பிரிக்காத பங்கு, வெளியூர் போன அண்ணன் தம்பி எல்லாரையும் சேர்த்தால் ஒரே திட்டத்துக்காக நூற்றுக்கணக்கான பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். உங்கள் பக்கம் நான் ஒருவன், உங்கள் உள் சட்டக் குழு, வங்கியின் வக்கீல், சில சமயம் வெளிநாட்டு முதலீட்டாளரின் வக்கீல். அவர்கள் பக்கம் தரகர். அந்தத் தரகருக்குக் கமிஷன் தருவதும் நீங்கள்.

பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாற்பது, ஐம்பது பக்கம், ஆங்கிலத்தில். கூடவே ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தருவீர்கள். ஏக்கருக்கு என்ன வாடகை, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும், எந்தத் தேதிக்குள் கணக்கில் விழும், இதெல்லாம் அதில் சரியாகவே இருக்கும். நான் குறை சொல்வது அதில் இல்லாததைப் பற்றி.

காலம் 29 ஆண்டு 11 மாதம். 30 ஆண்டைத் தொட்டால் முத்திரைத்தீர்வை விகிதம் ஏறும் என்பதால் அந்த ஒரு மாதத்தைக் குறைக்கிறோம். முடிந்ததும் நீட்டிக்கும் உரிமை உங்களுக்கு மட்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்து நீங்கள் வெளியேறலாம், நிலம் கொடுத்தவர் வாடகை வராவிட்டால் ஒழிய எதுவும் செய்ய முடியாது. அதற்கும் முதலில் உங்கள் வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர்களுக்கு அவகாசம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முழு வாடகை பல டிராஃப்டுகளில் நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து ஓடாது, மின் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்துதான் ஓடும். அதுவரை ஒரு சிறு தொகை. வேலி போட்ட அன்றே உழவு நின்றுவிடும், ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரிகளும் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள், ஆனால் திட்டத்துக்கு இணைப்பு கிடைக்கிற வரை வாடகை வராது. குத்தகை உரிமையை யாரையும் கேட்காமல் இன்னொரு கம்பெனிக்கு மாற்றலாம், உள்குத்தகை விடலாம், அடமானம் வைக்கலாம். பக்கத்தில் அவருக்கு மிச்சம் இருக்கும் நிலத்தில் நிழல் விழுகிற மாதிரி மரம் வளர்க்கக் கூடாது என்று ஒரு ஷரத்து. கம்பெனி கேட்கிற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட, ரத்து செய்ய முடியாத பவர் பத்திரம் (அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) என்று இன்னொரு ஷரத்து.

இவற்றில் என்னை மிகவும் உறுத்துவது இழப்பீட்டு ஷரத்து. நில உரிமையில் பிற்பாடு ஏதாவது குறை வந்தால், அதனால் கம்பெனிக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்தையும், வருமான இழப்பு உட்பட, நிலம் கொடுத்தவர் ஈடு செய்ய வேண்டும். யோசித்துப் பாருங்கள். பத்திரம் தேடியது நான். உரிமை சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது நான். அதை நம்பி முதலீடு செய்தது நீங்கள். எங்கேயோ 1960-களில் எழுதப்படாமல் விட்டுப்போன ஒரு பாகப்பிரிவினையால் வழக்கு வந்தால், ஒரு மின் நிலையத்தின் வருமான இழப்பை இரண்டு ஏக்கர்க்காரர் கட்ட வேண்டுமாம். அவரிடமிருந்து உங்களால் அதை வசூலிக்க முடியாது, அவருக்கு மிச்சம் இருக்கிற வீட்டையும் நிலத்தையும் வைத்து மிரட்ட மட்டும் முடியும். அவர் சார்பில் ஒரே ஒரு வக்கீல் இந்தப் பத்திரத்தைப் படித்திருந்தாலும், 'வாங்கிய வாடகைக்கு மேல் பொறுப்பு கிடையாது' என்று ஒரு வரி சேர்க்காமல் விட்டிருக்க மாட்டார். நீங்கள் அதை ஒப்புக்கொண்டும் இருப்பீர்கள். கேட்க ஆள் இல்லை, அதனால் அந்த வரியும் இல்லை.

தகராறு வந்தால் நீதிமன்றம் இல்லை, அதற்குப் பதிலாகத் தனியாக ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்லும் நடுவர் மன்றம். நடுவரை கம்பெனியே நியமிக்கும், விசாரணை ஏதாவது ஒரு பெருநகரத்தில் நடக்கும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தானே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. இன்னமும் பழைய மாதிரிப் படிவத்தில் அது அப்படியே நகலாகி வருகிறது. செல்லாத ஷரத்துதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள். செல்லாது என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது, கேஸுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நினைத்தே பேசாமல் இருந்துவிடுவார்.

ஒரு பதிவு நாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் வேன் வந்து நின்றது. கம்பெனி ஏற்பாடு செய்த வேன், அதிலிருந்து இறங்கினவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கைரேகைதான் வைப்பார். டோக்கன் நம்பர் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஆதார் கார்டைப் பிளாஸ்டிக் உறையோடு பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, முப்பது வருசம் கழிச்சு இந்தக் கம்பியெல்லாம் யாரு பிடுங்கித் தருவா? அப்ப நான் இருக்க மாட்டேன், என் பேரன்தான் இருப்பான். அவன் உழணும்ல?"

எனக்குப் பதில் தெரியும். அந்தப் பத்திரத்தின் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் நான் கம்பெனியின் வக்கீல். ஒரு விஷயத்தில் ஒரு தரப்புக்கு வேலை செய்தவர் அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வேலை செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. "அம்மா, உங்களுக்குன்னு ஒரு வக்கீல்கிட்ட இதக் காட்டிட்டுப் போடுங்க, இன்னைக்கே போடணும்னு கட்டாயம் இல்ல" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்ற தரகர் முகம் மாறிவிட்டது. அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேன் திரும்பிப் போய்விட்டால் ஊருக்குப் பஸ் எப்போது என்று அவருக்குத்தான் தெரியும். ரேகை வைத்தார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான் இல்லை, கேட்கத் தகுந்த ஆள் அங்கே யாரும் இல்லை.

அவர் கேட்டதற்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108: குத்தகைதாரர் தான் நிலத்தில் பொருத்தியவற்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த நிலையில் நிலத்தை வாங்கினாரோ அந்த நிலையில் திருப்பித் தரவேண்டும். நூற்றைம்பது வருஷத்தை நெருங்கும் அந்தச் சட்டம் அந்த அம்மாவுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால்தான் இது பொருந்தும் என்றும் சொல்கிறது. உங்கள் டிராஃப்ட் வேறு மாதிரி எழுதிக்கொள்கிறது. 'வர்த்தக ரீதியில் சாத்தியமான அளவு' அகற்றுவோம், தரைக்குக் கீழே உள்ள கட்டுமானத்தை விட்டுவிட்டுப் போகலாம், இப்படி. காங்கிரீட்டும் கேபிளும் மண்ணுக்குள் கிடந்தால் கலப்பை எப்படி இறங்கும்? சோலார் பேனல்களை 2022 மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பொறுப்பு பேனல் தயாரிப்பவர், விற்பவர் மேல் வருவது. நிலத்துக்குள் இறக்கிய அடித்தளத்தைப் பற்றிக் கேட்கக் குத்தகைப் பத்திரத்தை விட்டால் நிலம் கொடுத்தவர்களுக்கு வேறு வழி இல்லை.

பத்திரத்தில் நல்லபடியாகவே எழுதினாலும் போதாது, இதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறீர்கள். சில வருஷத்தில் அதை இன்னொருவருக்கு விற்கிறீர்கள், அவர் வேறொருவருக்கு விற்கிறார். 25 வருஷ மின் விற்பனை ஒப்பந்தம் முடிகிற அன்று அந்தக் கம்பெனியிடம் பழைய பேனலைத் தவிர என்ன இருக்கும்? அகற்றும் செலவுக்கு யார் மேல் கேஸ் போடுவது? இதை வெகு தூரத்துக் கவலை என்று தள்ளாதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள், 1990-களில் நட்ட சின்னக் காற்றாலைகள் மாற்றியாக வேண்டிய வயதுக்கு வந்துவிட்டன, அவற்றைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. முதல் தலைமுறைக்குக் கடைசிக் காலம் வந்துவிட்டது. இன்று சோலாருக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களின் பிள்ளைகள் இதே இடத்தில் வந்து நிற்பார்கள்.

அடுத்தது பெண்களின் பங்கு. இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. அப்பா பெயரில் நிலம், அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள், இரண்டு மகன், மூன்று மகள். பட்டா மூத்த மகன் பெயரில் மாறியிருக்கும். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதால், வாரிசுச் சான்று வாங்கி, மகள்களுக்கும் பங்கு உண்டு என்று நான் ரிப்போர்ட் எழுதுகிறேன். அப்பாவின் தனிச் சொத்தானால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகளுக்கும் உரிமை கொடுத்தது, அப்போது கல்யாணமாகியிருந்த மகள்கள் விடுபட்டுப் போனாலும். 2005-ல் மத்தியச் சட்டம் வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று தெளிவாக்கிவிட்டது. ஆக அந்த மூன்று மகள்களும் குத்தகைப் பத்திரத்தில் நிலம் கொடுப்பவர்களாகச் சேர வேண்டும், வாடகையில் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு அவரவர் கணக்குக்குப் போக வேண்டும்.

உங்கள் நிலப் பிரிவு என்ன செய்கிறது? ஐந்து வங்கிக் கணக்கு, ஐந்து வரிப் பிடித்தம், ஐந்து கையெழுத்து என்றால் தொல்லை என்று, மகள்களிடம் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், வாங்கிவிடு என்கிறது. தரகர் மூத்த மகனிடம் சொல்கிறார், மகன் தங்கைகளிடம் சொல்கிறார், "கம்பெனிக்கு ஒரு கையெழுத்து வேணுமாம்." புகுந்த வீட்டிலிருந்து வந்து, அண்ணனுக்கு ஒத்தாசை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கையெழுத்தோடு பங்கு போய்விடுகிறது, குத்தகைக் காலத்துக்கு மட்டுமில்லை, என்றைக்குமே. இது சட்டப்படி தேவைப்படவில்லை. ஒரு அலுவலகத்தின் வசதிக்காக நடக்கிறது. ஒரு திட்டத்தில் இப்படி எத்தனை பெண்களின் சொத்து கைமாறுகிறது என்று உங்கள் பெண்கள் மேம்பாட்டு அறிக்கையில் யாராவது எழுதுவார்களா? எழுதச் சொல்லி இதைக் கேட்கிறேன்.

என் ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் வில்லங்கம் பார்க்கிறோம், பழைய அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) இன்றைய சிட்டாவையும் ஒப்பிடுகிறோம், புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடம்) அளந்து பார்க்கிறோம். 1979-ல் தொடங்கி 80-களில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் பெயர் மாறிப்போனது, உட்பிரிவு தப்பாக விழுந்தது, பாதி நிலம் பக்கத்து நம்பரில் ஏறியது, இப்படி நிறைய வெளியே வரும். சில இடங்களில் பஞ்சமி நிலம் என்று தெரியவரும், 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம். வேறு கைக்குப் போயிருந்தால் அது பெரிய விஷயம். சில இடத்தில் பூமிதான நிலம், பூமிதான இயக்கத்தில் தானமாக வந்தது. நான் எழுதிக் கொடுத்ததும் நீங்கள் செய்வது, அந்த நம்பரை வரைபடத்திலிருந்து தூக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது. நிலத்துக்காரருக்கு 'உங்க நிலம் வேண்டாமாம்' என்று ஒரு போன். ஏன் என்று சொல்வதில்லை. அவர் பட்டாவில் இருக்கும் தப்பு அவருக்குத் தெரியாமலேயே போகிறது. கண்டுபிடித்தவன் நான், ஆனால் என் ரிப்போர்ட் உங்கள் சொத்து, நீங்கள் அனுமதிக்காமல் நான் வாய் திறக்க முடியாது. நீங்கள் அனுமதித்தால் அடுத்த நிமிஷமே கொடுத்துவிடலாம். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. அவர் வருவாய்த் துறை அலுவலகத்தில் மனுப் போட்டுத் திருத்திக்கொள்வார், இல்லாவிட்டால் மகள் கல்யாணத்துக்கு விற்கப் போகும்போதுதான் விஷயம் தெரிந்து தலையில் கை வைப்பார்.

இனி நீங்கள் அடித்த அந்த மூன்று வரிக்கு வருகிறேன். ரேட் ஏறும் என்கிறீர்கள். ஏறலாம். பத்திரத்தைப் புரிந்துகொண்ட பிறகு ஒருவர் கூடுதலாகக் கேட்கிறார் என்றால், புரியாததால்தான் இதுவரை குறைவாகக் கிடைத்தது என்று ஆகிறது. அதை ஒரு வாதமாக எழுத்தில் வைக்கலாமா? என் அனுபவத்தில் விவசாயிகள் பெரும்பாலும் வாடகையை விட அதிகமாக விசாரிப்பது வேறு விஷயங்களை. வண்டிப்பாதை அடைபடுமா, ஓடையை மறிப்பீர்களா, கண்மாய்க்கு வரும் தண்ணீர் என்னாகும், இலவச மின்சாரப் பம்புசெட் இணைப்பு போய்விட்டால் திரும்பக் கிடைக்குமா, விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, இந்த வாடகைக்கு உண்டா. கடைசிக் கேள்விக்குப் பதில், உண்டு. சோலாருக்கு விட்ட நிலத்தின் வாடகை விவசாய வருமானம் ஆகாது. இதைக்கூட யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

தாமதமாகும் என்பது உண்மைதான், சில வாரம் ஆகும். அதற்குப் பதிலாக உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வக்கீலாகச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் வாங்கிய பத்திரத்தை அவர் புரிந்துகொண்டுதான் எழுதிக் கொடுத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு, அந்தப் பத்திரத்தால் லாபம் அடைகிறவருடையது. வெள்ளைக்காரன் காலத்தில் மேல்முறையீடுகளை லண்டனில் கேட்ட பிரிவி கவுன்சில் காலத்திலிருந்து இது நம் நீதிமன்றங்களின் நிலை. அவருக்குத் தனியாகச் சட்ட ஆலோசனை கிடைத்ததா என்று நீதிபதி கேட்பார். கிடைத்தது, இதோ அந்த வக்கீலின் சான்று என்று காட்ட முடிந்தால் உங்கள் பத்திரம் அசையாது. வேனில் அழைத்து வந்து, தரகரைச் சாட்சியாகப் போட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பிய பத்திரத்துக்கு அந்தப் பலம் வராது. இங்கிலாந்தில் நிலம் கொடுப்பவரின் வக்கீல் கட்டணத்தை சோலார் கம்பெனியே ஏற்பது சாதாரண வழக்கம், அதனால் அங்கே திட்டங்கள் நின்றுபோய்விடவில்லை.

வங்கிக்காரர்களே, உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நீங்கள் அனுப்பும் சரிபார்ப்புப் பட்டியலை நான்தான் நிரப்புகிறேன். அடமானம் வைக்கலாமா, கம்பெனி தவறினால் நீங்கள் உள்ளே நுழையலாமா, குத்தகை ரத்தாகும் முன் உங்களுக்கு நோட்டீஸ் வருமா, எல்லாம் இருக்கிறது. நிலம் கொடுத்தவருக்குப் பத்திரம் புரிந்ததா என்று ஒரு கேள்விகூட இல்லை. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் (IFC) செயல்தரங்களைப் பின்பற்றுகிறோம் என்று கடன் ஆவணத்தில் எழுதுகிறீர்கள், அதன் 5-வது தரம் நிலம் பற்றியது. விருப்பப்பட்டுக் கொடுத்த நிலம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அந்தத் தரத்தின் பெரும்பகுதி பொருந்தாமல் போய்விடுகிறது. அந்த டிக்கை எதை வைத்து அடிக்கிறீர்கள்?

நான் கேட்பது இவை.

அந்த மூன்று வரியையும் மறுபடி பத்திரத்தில் போடுங்கள், ஒவ்வொரு பத்திரத்திலும். நிலம் கொடுப்பவர் தானே தேர்ந்தெடுக்கும் வக்கீல், கட்டணம் உங்களுடையது, அந்த வக்கீலின் பெயரைத் தரகரோ நானோ பரிந்துரைக்கக் கூடாது. முழுப் பத்திரமும் தமிழில், பதிவுக்கு 15 நாள் முன்னதாக. சொந்தமாக வக்கீல் கிடைக்காதவர்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். 1987 சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு, இதை தமிழ்ச் சுருக்கத்தின் முதல் வரியாகவே அச்சடித்துக் கொடுக்கலாம்.

குத்தகைக்காக என்று சொல்லி மகள்களிடமும் சகோதரிகளிடமும் விடுதலைப் பத்திரம் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். பங்கு உள்ள எல்லோரையும் பத்திரத்தில் சேருங்கள், வாடகையைப் பிரித்து அவரவர் கணக்கில் போடுங்கள். குடும்பத்துக்குள் தாங்களாக விட்டுக்கொடுக்க விரும்பினால் அது அவர்கள் விஷயம், கம்பெனி செலவில் கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுக்கிற விஷயமாக இருக்க வேண்டாம்.

நிலத்தைப் பற்றி நான் எழுதும் ரிப்போர்ட்டில் அந்த நிலத்துக்குரிய பகுதியின் நகலை, நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உரிமையாளருக்குக் கொடுக்க எழுத்து மூலம் அனுமதி தாருங்கள்.

இழப்பீட்டு ஷரத்துக்கு அவர் வாங்கிய வாடகை வரை என்று உச்சவரம்பு போடுங்கள். நடுவர் ஷரத்தைத் தூக்கிவிட்டு, நிலம் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்தையே வையுங்கள். நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து வாடகை கொடுங்கள்.

அகற்றும் செலவுக்குத் தனிப் பணம் வேண்டும். உற்பத்தி தொடங்கிய பத்தாவது ஆண்டிலிருந்தாவது ஒவ்வொரு வருஷமும் ஒரு தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், இல்லையென்றால் வங்கி உத்தரவாதம் கொடுங்கள். கம்பெனி யார் கைக்கு மாறினாலும் அது நிலத்தோடு கூடவே போக வேண்டும். வங்கிகள் இதைக் கடன் நிபந்தனையாகவே வைக்கலாம். உங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் தனி ஆலோசனை கிடைத்ததா என்ற கேள்வியையும் சேருங்கள், இல்லை என்று பதில் வந்தால் அந்த சர்வே நம்பருக்குப் பணம் விடாதீர்கள்.

என் அடுத்த டிராஃப்டுகளிலும் அந்த மூன்று வரி இருக்கும். அடிப்பதாக இருந்தால், ஏன் அடிக்கிறீர்கள் என்பதை நிறுவனத்தின் பெயரில், பொறுப்பான ஒருவரின் கையெழுத்தோடு எழுதி அனுப்புங்கள். ஓரக் குறிப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களுக்காக நிலப் பத்திரம் பார்க்கும் ஒரு வழக்கறிஞர்